‘ஹேங்’ என்ற ஒரே பெயரில் இரண்டு கோளாறுகள்

தூத்துக்குடியில் பெரியம்மா மகன் வீட்டு கம்ப்யூட்டர் ஆறு மாதத்தில் மூன்று முறை கடைக்குப் போய் வந்தது. முதல் முறை ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். இரண்டாவது முறை ரேம் மாற்றினார்கள். மூன்றாவது முறை விண்டோஸ் 11 ஏற்றிவிட்டு, "கிராபிக்ஸ் கார்டு அவுட். புதுசு போட்டா பதினெட்டாயிரம் ஆகும்" என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று முறையும் புகார் ஒன்றுதான்: கேம் விளையாடினாலும் ஹேங் ஆகிறது, படம் பார்த்தாலும் ஹேங் ஆகிறது.

பதினெட்டாயிரம் என்றதும் மதினி எனக்குப் போன் போட்டார். "தம்பி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. இவன் லீவு முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலையுதான்." இவன் என்றது ப்ளஸ் ஒன் முடித்திருந்த மகனை. நான் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் சிஸ்டம் பார்க்கிறவன். வீட்டு கம்ப்யூட்டர்களைச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் பார்ப்பது. கூலி ஒரு காபி. இந்த வேலைக்கு மொத்தம் ஏழு காபி ஆனது. அதில் மூன்று, நானே தவறான பக்கம் போனதற்கு.

மெஷின் இதுதான்: 2018-இல் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ5-8400 ப்ராசஸர், எச்310 மதர்போர்டு, 8 ஜிபி ரேம். விண்டோஸ் இருப்பது 240 ஜிபி எஸ்எஸ்டியில். ‘டி’ டிரைவ் என்பது 1 டிபி ஹார்ட் டிஸ்க்; படங்கள், கேம்கள் எல்லாம் அதில்தான். முதலில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிறகு ஒருநாள் பழைய ஜிடிஎக்ஸ் 1060 கார்டு ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினெட்டோடு வந்த அதே பழையது. மேலே ‘450 வாட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த எழுத்தை நானும் முதல் நாள் நம்பினேன்.

நான் தவறவிட்ட முதல் சாயங்காலம்

கேம், வீடியோ இரண்டுக்கும் பொதுவானது எது? யாரைக் கேட்டாலும் கிராபிக்ஸ் கார்டு என்பார்கள். நானும் அங்கேயே போனேன். கேமுக்குப் படம் வரைவதும் அந்தக் கார்டுதான், வீடியோவைப் பிரித்துக் காட்டுவதும் அந்தக் கார்டுதான். கார்டு போனது என்று கடைக்காரர் சொன்னதிலும் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது. நான் அதைக் கொஞ்சம் நாகரிகமாக, கார்டை இயக்குகிற மென்பொருளான டிரைவரின் கோளாறு என்று எடுத்துக்கொண்டேன்.

சேஃப் மோடில் போய், டிடியூ என்ற கருவியால் பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்து, புதியதை ஏற்றினேன். பிரவுசர் தன் வீடியோ வேலையைக் கார்டிடம் தள்ளுகிற ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தேன். கார்டைக் கழற்றி, அதன் தங்கநிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினேன். ஃபேனில் இருந்த தூசியை எடுத்தபோது ஒரு கைப்பிடி வந்தது. எல்லாம் முடித்துவிட்டு "இனி பாரு" என்று சொல்லிக் கிளம்பினேன். மறுநாள் மத்தியானம் போன் வந்தது. "சித்தப்பா, மறுபடியும் ஹேங் ஆயிட்டு."

அந்த வாக்கியத்தைத்தான் ஆறு மாதமாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எப்படி ஹேங் ஆனது என்று கடையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுபடி போனபோது கையில் எதையும் எடுக்காமல் அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏல, நின்னதுக்கப்புறம் மௌஸ் நகருமா?"

"சில நேரம் நகரும். சில நேரம் நகராது."

"தானா திரும்பி வருமா?"

"சில நேரம் வரும். சில நேரம் பட்டன அமுக்கி ஆஃப் பண்ணணும்."

"யூடியூப் பாக்கும்போது?"

யோசித்தான். "யூடியூப்ல ரொம்ப வராது சித்தப்பா. அப்பா படம் போட்டாத்தான் வரும்."

அண்ணன் பார்ப்பது பழைய படங்கள். எல்லாம் ‘டி’ டிரைவில். எனக்கு அங்கேயே முதுகில் ஒரு குறுகுறுப்பு வந்தது. கார்டு கெட்டிருந்தால் யூடியூப் படத்துக்கும் ஹார்ட் டிஸ்கில் இருக்கிற படத்துக்கும் அது ஏன் வேற்றுமை பார்க்க வேண்டும்?

முதல் கோளாறு: நின்று, திரும்பி வருவது

அண்ணன் வழக்கமாகப் பார்க்கிற ஒரு படத்தை ஓடவிட்டோம். நான் திரையைப் பார்க்கவில்லை. கேபினெட் முகப்பில் இருக்கிற சின்ன சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போது மின்னுகிற விளக்கு அது. படம் ஓடும்போது அவ்வப்போது சிமிட்டியது. பன்னிரண்டாவது நிமிடம் போல விளக்கு எரிந்தது, அப்படியே நின்றுவிட்டது. சிமிட்டல் இல்லை. ஓரிரு விநாடி கழித்துத்தான் படம் உறைந்தது, சத்தமும் அடங்கியது. மௌஸ் நகர்ந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் திறந்தது. அதில் ‘டி’ டிஸ்குக்கு நேராக 100 சதவீதம். படித்தல், எழுதுதல் வேகம் இரண்டும் பூஜ்யம்.

இந்தச் சேர்க்கையை நினைவில் வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் நூறு சதவீதம் வேலையில் இருக்கிறது, ஆனால் ஒரு கேபி கூட நகரவில்லை என்றால், விண்டோஸ் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று பொருள். அரை நிமிடம் போல ஆனது. விளக்கு அணைந்து மறுபடி சிமிட்டத் தொடங்கியது. படமும் விட்ட இடத்திலிருந்து ஓடியது. "இதுதான், இதுதான்!" என்றார் அண்ணன் பின்னாலிருந்து.

விண்டோஸ் நடந்ததை எல்லாம் குறித்து வைக்கிற ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். சிஸ்டம் பதிவுகளில் அந்த நிமிடத்துக்கு நேராக 129 என்ற எண்ணில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை. சாட்டா கேபிளில் இணைகிற டிஸ்குகளை மேய்க்கிற டிரைவர் எழுதியது: டிஸ்குக்கு ரீசெட் கொடுத்தேன் என்கிறது. அதை ஒட்டி 153 எண்ணில் இன்னும் சில: இன்ன இடத்தில் படிக்கப் போனேன், மறுபடி முயற்சி செய்தேன் என்று. பின்னோக்கிப் போனால், கடைசியாக விண்டோஸ் போட்ட நாள் வரைக்கும் இவை வரிசையாக நின்றன. அதற்கு முந்தியவை ஃபார்மட்டோடு போயிருக்கும். கோளாறு என்றால் ஃபார்மட் என்கிற பழக்கத்தின் மீது எனக்குள்ள கோபத்துக்கு இது ஒரு காரணம். சாட்சியை அடித்துப் போட்டுவிட்டு விசாரணை தொடங்குகிற மாதிரி.

ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறது என்று இந்த இடத்தில் முடிவு கட்டியிருந்தால் இன்னொரு தவறு நடந்திருக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியை இறக்கி, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கிற கணக்கைப் பார்த்தேன். அதில் பல வரிகள் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியவை நான்கு. 05 என்பது டிஸ்க் கெட்டுப்போன இடங்களைக் கைவிட்டு மாற்றிடம் கொடுத்த எண்ணிக்கை. சி5 படிக்க முடியாமல் முடிவு எடுக்கக் காத்திருக்கிற இடங்கள். சி6 திருத்தவே முடியாதவை. மூன்றும் பூஜ்யம். டிஸ்கின் தட்டில் குறை இல்லை.

நான்காவது, சி7. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தரவு போகும்போது வழியில் சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை. அதற்கு நேராக 4ஈ2 என்று இருந்தது. அந்தக் கருவி கணக்கைப் பதினாறடிமானத்தில் காட்டும். நம் கணக்கில் 1250. அண்ணனின் படத்தை முழுசாக ஓடவிட்டு, நடுவில் இரண்டு தடவை உறைந்து எழுந்த பிறகு மறுபடி பார்த்தேன். 4எஃப்7. அதாவது 1271. ஒரே படத்தில் 21 கூடியிருக்கிறது.

டிஸ்க் சரியாகத்தான் படிக்கிறது, சொல்லவும் சொல்கிறது. சொன்னது வழியில் கெடுகிறது. வழி என்பது ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு கேபிள்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன். அந்த சாட்டா கேபிளில் கிளிப் இல்லை. வெறுமனே சொருகி வைக்கிற பழைய ரகம். டிஸ்கின் பின்பக்கம் கேபினெட்டின் தகட்டுக்கு மிக நெருக்கம். தகட்டை மூடும்போதெல்லாம் அது கேபிளை நெட்டுக்குத்தாக மடக்கி அமுக்கியிருக்கிறது. மடிப்பில் சிவப்பு உறை வெளுத்து, காகிதத்தை மடித்த கோடு மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு. முனையை ஒரு விரலால் தொட்டால் ஆடியது. கேபிளைத் தட்டிவிட்டு ஓரிரு முறை பார்த்தேன். முகப்பு விளக்கு கூடவே நின்று எரிந்தது. மூன்று முறை கடைக்குப் போனபோதும் யாரோ தகட்டைத் திறந்து மூடியிருப்பார்கள். ஒவ்வொரு மூடலும் அந்த மடிப்பை இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கும்.

கிளிப் உள்ள, ஒரு முனை செங்கோணமாக வளைந்த கேபிள் நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. மதர்போர்டில் வேறு போர்ட்டில் சொருகினேன். சி7 கணக்கு பற்றி ஒன்று: கேபிளை மாற்றினாலும் அது குறையாது. டிஸ்கின் ஆயுள் முழுதும் சேர்கிற எண் அது. கூடாமல் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை அன்று ராத்திரியே ஓடவிட்டோம். 4எஃப்7-லேயே நின்றது.

யூடியூப் எப்போதாவது ஏன் நின்றது என்பதற்கும் விடை அங்கேயே கிடைத்தது. எஸ்எஸ்டியில் இடத்தை மிச்சம் பிடிக்க யாரோ விண்டோஸின் பேஜ் ஃபைலை ‘டி’ டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தார்கள். 8 ஜிபி ரேமில் கேமும் பிரவுசரும் சேர்ந்து திறந்திருந்தால் விண்டோஸ் ரேமில் இடம் போதாமல் கொஞ்சத்தைப் பேஜ் ஃபைலுக்குத் தள்ளும். அது திரும்பத் தேவைப்படுகிற நேரத்தில் ‘டி’ டிரைவ் மௌன விரதத்தில் இருந்தால் யூடியூப்பும் நிற்கும். இணையம் பழியைச் சுமந்திருக்கிறது. பேஜ் ஃபைலை எஸ்எஸ்டிக்கே திருப்பினேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு மதினி கையால் ராத்திரிச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவது கோளாறு: நின்று, திரும்பாதது

மூன்றாம் நாள் மறுபடி போன். ஆனால் இந்தத் தடவை பையன் தேறியிருந்தான். "சித்தப்பா, இது வேற மாதிரி. மௌஸ் நகரல. சவுண்டு ‘ர்ர்ர்ர்’னு ஒரே மாதிரி அடிக்குது. அஞ்சு நிமிஷம் பாத்தேன், வரல. லைட்டு எரியல." அவன் சொன்னது ஹார்ட் டிஸ்க் விளக்கை.

அந்த ‘ர்ர்ர்’ சத்தம் பெரிய துப்பு. ஒலி வெளிவருவதற்கு முன் ஒரு சின்ன நினைவிடத்தில் நிரப்பப்படும். அங்கிருந்து ஒலிச் சில்லு ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தானே எடுத்து வாசித்துக்கொண்டிருக்கும். ப்ராசஸர் செத்துவிட்டால் புதிதாக நிரப்ப ஆள் இல்லை. சில்லுக்கு அது தெரியாது. கடைசியாக இருந்த துணுக்கையே திரும்பத் திரும்ப வாசிக்கும். கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி. ஆக ஒலி சீறுகிறது என்றால் உறைந்தது கேம் மட்டுமில்லை. மொத்த இயந்திரமும் நின்றுவிட்டது.

இன்னொரு எளிய சோதனை கேப்ஸ் லாக். கீபோர்டில் அந்த விசையை அழுத்தினால் விளக்கு தானாக எரிவதில்லை. அழுத்திய செய்தி கம்ப்யூட்டருக்குப் போய், விண்டோஸ் ‘விளக்கைப் போடு’ என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் எரிகிறது. விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது. மாறாவிட்டால் இல்லை. நான் போய் உட்கார்ந்து, பையன் கேமில் கார் ஓட்டிக்கொண்டிருந்த முப்பத்தைந்தாவது நிமிடத்தில் மறுபடி உறைந்தது. கேப்ஸ் லாக் மாறவில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் திரும்பத் தொடங்கும்; அதற்கும் அசைவில்லை. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தோம்.

பதிவுகளில் இந்தத் தடவை 129 இல்லை. இருந்தது 41 என்ற எண்: முறையாக அணையாமல் கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கியது என்கிற வாக்குமூலம். அதன் விவரத்தில் பிழை எண் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். நீலத்திரை வந்திருந்தால் அங்கே ஓர் எண் இருந்திருக்கும். சாகிற நேரத்து நினைவை விண்டோஸ் எழுதிவைக்கிற மெமரி டம்ப் கோப்பும் பெரும்பாலும் கிடைக்கும். இரண்டும் இல்லை. கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மயங்கி விழுந்திருந்தால், விண்டோஸ் இரண்டு விநாடி பார்த்துவிட்டு அதைத் தட்டி எழுப்பி, 4101 என்று எழுதியிருக்கும். அதுவும் இல்லை. எழுதுவதற்கே நேரம் கிடைக்காத சாவு.

சூட்டைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். எங்கள் ஊர் மே மாதம் அப்படி. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கருவியில் இரண்டு விநாடிக்கு ஒரு முறை எல்லா அளவுகளையும் கோப்பில் எழுதச் சொல்லிவிட்டு மறுபடி விளையாட விட்டேன். உறைந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரிதான் பிரேதப் பரிசோதனை அறிக்கை. ப்ராசஸர் 74 டிகிரி. அது 100 வரை தாங்கும். கார்டு 71, அதன் எல்லை 94. சூடு இல்லை. அன்று ராத்திரி ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 ஓட விட்டுப் போனேன். நான்கு சுற்று முடிந்து ஒரு பிழையும் இல்லை. ரேம் நன்றாக இருந்தும் உறைகிறது; ஆக, கடையில் கழற்றிய பழைய ரேமும் அநேகமாகக் குற்றமற்றதாகத்தான் இருந்திருக்கும். யுபிஎஸ்ஸைக் கழற்றி நேராகச் சுவரில் மாட்டிப் பார்த்தேன். அப்போதும் உறைந்தது.

மிஞ்சியது பவர். அதை நிரூபிக்க எதையும் மாற்றாமலே ஒரு வழி இருந்தது. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டு இழுக்கிற மின்சாரத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம். ஜிடிஎக்ஸ் 1060-க்கு முழுசாக 120 வாட். அதை 60 சதவீதமாக, அதாவது 72 வாட்டாக இறக்கினேன். "கொஞ்சம் மெதுவா இருக்கும். விளையாடு, எவ்வளவு நேரம் வேணும்னாலும்" என்றேன். இப்படி ஓர் உத்தரவை அவன் வாழ்க்கையில் கேட்டதே இல்லை. மூன்று சாயங்காலம், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் போல. ஒரு தடவைகூட உறையவில்லை. நான்காம் நாள் வரம்பை 100-க்குத் திருப்பினோம். இருபத்தைந்தாவது நிமிடம் ‘ர்ர்ர்ர்’.

டிரைவர் அதே, கேம் அதே, விண்டோஸ் அதே. மாறியது வாட் மட்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரு பொடி வயரும்

இப்போது ‘450 வாட்’ என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் இருந்த அட்டவணையை மொபைல் வெளிச்சத்தில் படித்தேன். 3.3 வோல்ட்டில் 18 ஆம்பியர், 5 வோல்ட்டில் 20 ஆம்பியர், 12 வோல்ட்டில் 16 ஆம்பியர். பெருக்கிக் கூட்டினால் 59, 100, 192, மொத்தம் 351. மிச்சமிருக்கிற உதிரி வரிகளைச் சேர்த்தாலும் 450 வராது. அதைவிட முக்கியம், இன்றைய கம்ப்யூட்டரில் ப்ராசஸரும் கார்டும் பிழைப்பது 12 வோல்ட்டில்தான். அங்கே இருப்பது 192 வாட், அதுவும் லேபிள் சொல்வது உண்மை என்றால். கேம் ஓடும்போது கார்டுக்கு 120, ப்ராசஸருக்கு 60 போல, மதர்போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 30. எப்படிக் கூட்டினாலும் 200-ஐத் தாண்டுகிறது. படம் பார்க்கும்போது இதில் பாதி கூட ஆகாது. அதனால்தான் இந்த வகைச் சாவு கேமில் மட்டும்.

கார்டுக்குத் தனியாக ஆறு பின் வயர் வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அது கிடையாது. மோலெக்ஸ் என்கிற பழைய நான்கு பின் முனைகளில் இருந்து ஆறு பின்னுக்கு மாற்றித் தருகிற ஒரு பொடி வயரைப் போட்டிருந்தார்கள். அந்த வயருக்கு இரண்டு மோலெக்ஸ் முனை உண்டு. இரண்டிலும் பவர் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு. இங்கே ஒன்றில்தான் பவர். இன்னொன்றை அழகாக மடித்து, கேபிள் டை போட்டு ஓரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே மோலெக்ஸை கேபினெட் ஃபேன் பிடித்துக்கொண்டிருந்தது.

பவர் போகிற அந்த ஒரு முனையைக் கழற்றினேன். எளிதில் வரவில்லை, லேசாக ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளை பிளாஸ்டிக்கில் மஞ்சள் வயர் நுழைகிற மூலை மட்டும் டீக்கறை நிறத்தில் பழுத்திருந்தது. உள்ளே இருந்த பின் மற்ற மூன்றைப் போலப் பளபளக்கவில்லை. சாம்பல் பூத்து, மேலே நுண்ணிய சொரசொரப்பு. உப்புக்காற்று ஊரில் மோலெக்ஸ் பின்கள் மங்குவது புதிதில்லை. ஆனால் மற்றவை மங்காமல் ஒன்று மட்டும் கருகினால் அது காற்றின் வேலை இல்லை.

மல்டிமீட்டரில் அளந்தேன். 12 வோல்ட்டுக்கு ஐந்து சதவீதம் ஏற இறங்க இருக்கலாம் என்பது எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதி. அதாவது கீழே 11.40 வரை. கேம் ஓடும்போது எஸ்எம்பிஎஸ் வயரின் பக்கத்தில் 11.49. விளிம்பில் நிற்கிறது. கார்டில் சொருகுகிற முனையில் 11.02. அந்த ஒரு கருகிய இணைப்பைத் தாண்டுவதற்குள் ஏறக்குறைய அரை வோல்ட் காணாமல் போகிறது. ஆறு பின் வழியாகச் சுமார் 6 ஆம்பியர் போகிறது என்று வைத்தால், அந்தப் பின் முனையில் மட்டும் கிட்டத்தட்ட 3 வாட் சூடாக வீணாகிறது. அரை வாட் எல்இடி நைட் லேம்ப் ஆறு எரிகிற மின்சாரம், ஓர் அரிசி மணி அளவு இடத்தில். சூட்டில் பின் இன்னும் மங்கும், மங்கினால் இன்னும் சூடாகும். விளையாடத் தொடங்கிய உடனே உறையாமல் அரை மணி நேரம் கழித்து உறைந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். மீட்டர் காட்டுவது சராசரி. கார்டு திடீரென்று இழுக்கிற நொடிக்குள் நொடியில் இன்னும் எவ்வளவு கீழே போயிருக்கும் என்று அதில் தெரியாது.

விஷயம் தெரிந்தவர்கள் இங்கே ஒன்று கேட்பார்கள்: எஸ்எம்பிஎஸ் கோளாறு என்றால் கம்ப்யூட்டர் அணைந்து போக வேண்டுமே, ஏன் உறைகிறது? எஸ்எம்பிஎஸ்ஸே தாங்க முடியாமல் கைவிட்டால் அணையும். இங்கே அது கைவிடவில்லை. ‘நான் நலம்’ என்கிற சமிக்ஞையை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. பட்டினி கிடந்தது கார்டு மட்டும். கார்டு மூர்ச்சையாகிற நேரத்தில் ப்ராசஸர் அதனிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், அந்தக் காத்திருப்புக்கு முடிவே இல்லை. ப்ராசஸரும் அங்கேயே நின்றுவிடும். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், உள்ளே ஆள் இருக்காது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவில்லை. வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஃபேன் வலை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாலே போதுமாயிருந்தது: இரண்டு கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது.

கேபினெட்டைத் தொட்டபோது விரலில் சுரீர் என்று ஒரு கடி. "அது எப்பவும் அப்படித்தான், செருப்புப் போட்டுக்கிட்டா தெரியாது" என்றார் அண்ணன், நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்வது மாதிரி. சுவர் சாக்கெட்டில் எர்த் வரவே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பில் இரைச்சலை வடிகட்டுவதற்காக மின்கம்பிக்கும் உடம்புத் தகட்டுக்கும் நடுவே சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் இருந்தால் கசிவு தரைக்குப் போய்விடும், இல்லாவிட்டால் தொடுகிறவர் விரலுக்கு வரும். இதற்கும் ஹேங்குக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சரிசெய்யாமல் புது எஸ்எம்பிஎஸ் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து எர்த் வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் கேபினெட்டைத் திறந்தேன்.

செலவுக் கணக்கு

550 வாட், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 ப்ளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ள எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கினோம். விலை நான்காயிரத்துக்குச் சற்றுக் கீழே. கார்டுக்கு நேரடி வயர் அதிலேயே இருக்கிறது. பொடி வயருக்கு வேலை இல்லை. பழையதையும் புதியதையும் ஒவ்வொரு கையில் பிடித்துப் பார்த்த மதினி, "இது காலி டப்பா மாதிரில்லா இருக்கு" என்றார். எடை ஒன்றும் நிரூபிக்காது. ஆனாலும் அவர் தவறாகச் சொல்லவில்லை.

மாட்டிய பிறகு அளந்தது: சும்மா இருக்கும்போது 12.08, கேமில் 12.02. கார்டு வரம்பு 100 சதவீதம். முதல் வாரம் ராத்திரி தவறாமல் விளையாடினான், உறையவில்லை. இரண்டாவது வாரம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

எஸ்எம்பிஎஸ், சாட்டா கேபிள், எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள். பதினெட்டாயிரத்துக்குப் புது கார்டு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் கேட்டார். அதையும் அதே கருகிய பின்னில்தான் மாட்டியிருப்பார்கள். அண்ணன் பார்க்கிற படமும் பழையபடி நின்று நின்றுதான் ஓடியிருக்கும்.

கடையைத் திட்ட எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அவர்கள் மேசையில் வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டால் இரண்டு கோளாறும் தெரியாது. கேம் இல்லை, ‘டி’ டிரைவ் படம் இல்லை, தகடு திறந்திருப்பதால் கேபிள் மடங்கவும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் நல்ல ரேமைக் கழற்றிக் கொண்டதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழைய பொடி வயரை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிற பையன்களுக்குக் காட்ட அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

ஜூலையில் ஒரு தடவை பையனிடமிருந்து மெசேஜ் வந்தது: ஹேங் ஆயிட்டு. நான் பதில் எழுதுவதற்குள் அடுத்தது வந்தது. "கேம் மட்டும் குளோஸ் ஆயி டெஸ்க்டாப் வந்துட்டு. மௌஸ் நகருது. சவுண்டு இழுக்கல. கேப்ஸ் லாக் எரியுது." தொடர்ந்து ஒரு ஸ்கிரீன்ஷாட், பச்சை வட்டம் போட்டு: சி7-க்கு நேராக 4எஃப்7. அடுத்த நாள் அந்த கேமுக்கு ஒரு அப்டேட் வந்தது. போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டான்.